ஆளுக்குத் தாள், வேலைக்குச் சாட்சி

யாங்கூன் மாநகரின் கிழக்கே, தெற்கு ஒக்கலாபாவை அடுத்து, சுமார் இரண்டு லட்சம் மக்கள் வாழும் தின்கன்ஜூன் நகரியத்திலிருந்து வேலைக்கு விண்ணப்பிக்கும் ஒருவர் பொதுவாக இருவகைச் சான்றுகளைத் திரட்ட வேண்டியிருக்கிறது. குடியிருக்கும் வார்டின் நிர்வாக அலுவலகமும் காவல் நிலையமும் தரும், பர்மிய மொழியில் தௌக்கான்சா எனப்படும் பரிந்துரைக் கடிதங்கள் ஒருவகை. தன்விவரக் குறிப்பின் அடியில் ‘ரெஃபரன்ஸ்’ என்ற தலைப்பின்கீழ் எழுத வேண்டிய இரண்டு பெயர்கள் மற்றொரு வகை. முன்னதற்காக அலுவலகப் படியேறி வரிசையில் நின்று முத்திரை வாங்கிவரும் அதே விண்ணப்பதாரர், பின்னதை விண்ணப்பம் அனுப்பும் இரவில், கைபேசியில் உள்ள பெயர்களில் மதிப்பாகத் தோன்றும் இரண்டைத் தேர்ந்து நிரப்பிவிடுவதையே பெரும்பாலும் காண முடிகிறது. அவ்விருவரில் ஒருவர் மாமாவாக இருப்பார். மற்றவர், விண்ணப்பதாரரின் தந்தையை நன்கு அறிந்த, விண்ணப்பதாரரைத் திருவிழாவில் மட்டும் கண்ட ஒரு பெரியவராக இருப்பார்.

இவ்விரு சான்றுகளும் ஒரே வினாவுக்கு விடையளிப்பவை அல்ல. வார்டுக் கடிதம், இன்னார் இன்ன முகவரியில் குடியிருக்கிறார், அவர்மீது புகார் ஏதும் இல்லை என்பதைச் சொல்கிறது. அவர் கணக்கை ஒழுங்காக எழுதுவாரா, வாடிக்கையாளர் கோபப்படும்போது நிதானம் இழக்காமல் பேசுவாரா, முதலாளி ஊரில் இல்லாத நாளிலும் கடையை நேரத்துக்குத் திறப்பாரா என்பவற்றை அது சொல்வதில்லை, சொல்லவும் இயலாது. இவற்றைச் சொல்ல வேண்டியவர், ஒருவரின் உழைப்பைக் கண்ணால் கண்டு, கேட்பவருக்கு அதை எடுத்துரைக்கத் தயாராக இருப்பவர்; அவரே பரிந்துரையாளர் எனப்படுகிறார். முதல்வகைச் சான்று ஆளைப் பற்றியது, இரண்டாம் வகை வேலையைப் பற்றியது. யாங்கூன் தமிழ்க் குடும்பங்களில் இவ்விரண்டும் ஒன்றோடொன்று கலந்துபோனதற்கு வலுவான வரலாற்றுக் காரணங்கள் உண்டு. அந்தக் கலப்பே இன்று தகுதியுள்ள பல விண்ணப்பங்களை வலுவிழக்கச் செய்கிறது.

ஆளைப் பற்றிய தாள்களுக்கு இவ்வூரில் இத்தனை முக்கியத்துவம் ஏன் என்பதை அடையாள அட்டையின் எண்ணே விளக்கிவிடும். தின்கன்ஜூனில் பதிவு பெற்றவரின் அட்டை எண்ணில் முதலில் யாங்கூன் பிரதேசத்தைக் குறிக்கும் 12 என்ற எண்ணும், அடுத்து நகரியத்தைக் குறிக்கும் மூன்று பர்மிய எழுத்துகளும், அதையடுத்து அடைப்புக்குறிக்குள் குடியுரிமையின் வகையைக் காட்டும் ஓரெழுத்துச் சுருக்கமும் வரும். 1982-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் முழுக் குடிமக்கள், இணைக் குடிமக்கள், இயல்புரிமை பெற்ற குடிமக்கள் என மூன்று படிகளை வகுத்ததால், பாட்டன் எந்த ஆண்டில் வந்தார், அவர் கையில் என்ன தாள் இருந்தது என்பது பேரனின் அட்டைவரை வந்து நிற்கிறது. இதனால் இந்திய வம்சாவளிக் குடும்பங்கள் அட்டை, குடும்பப் பட்டியல், வார்டுக் கடிதம் ஆகியவற்றைப் பெட்டிக்குள் வைத்துக் காப்பதில் காட்டும் கவனம் மிகையானதன்று. மேலும், ஐந்து பேருக்குக் குறையாமல் வேலைசெய்யும் இடங்கள் ஆள்சேர்ப்பைத் தொழிலாளர் அலுவலகத்தின் வழியாகச் செய்ய வேண்டும் என்று 1959-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் விதித்ததன் தொடர்ச்சியாக, நகரிய அலுவலகம் தரும் தொழிலாளர் பதிவு அட்டையும் விண்ணப்பத்தோடு கேட்கப்படுகிறது. இவையெல்லாம் இருந்தால் விண்ணப்பம் உள்ளே போகும். அதற்குமேல் அவற்றுக்கு வேலை இல்லை.

பெயரைப் பற்றி இங்கேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பர்மியப் பெயர்களில் குடும்பப் பெயர் கிடையாது. ஒரே பெயருடையோர் ஒரே தெருவில் நால்வர் இருக்கலாம். மியன்மார்த் தமிழர் பலருக்கோ வீட்டிலும் கோயிலிலும் ஒரு தமிழ்ப் பெயர், பள்ளியிலும் அட்டையிலும் ஒரு பர்மியப் பெயர் என இரண்டு வழங்குகின்றன. புதிய நிறுவனத்திலிருந்து தொலைபேசி வரும்போது, ‘சின்னத்தம்பி’ என்றே பத்தாண்டுகளாக அழைத்துப் பழகிய பழைய முதலாளி, அட்டையிலுள்ள பர்மியப் பெயரைக் கேட்டு, “அப்படி யாரும் எங்களிடம் வேலை பார்க்கவில்லையே” என்று உண்மையாகவே சொல்லிவிட வாய்ப்புண்டு. எனவே பரிந்துரையாளருக்குத் தம் அட்டைப் பெயரையும், தன்விவரக் குறிப்பில் தாம் அழைக்கப்படும் பெயரையும் தெரிவித்து வைப்பது இவ்வூருக்கே உரிய, ஆனால் எளிதில் மறக்கப்படும் முன்னேற்பாடாகும்.

யாங்கூன் ரங்கூனாக இருந்த காலத்தில், 1931-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி நகர மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியராக இருந்தனர்; அவர்களில் உடலுழைப்பாளர் எவரும் தன்விவரக் குறிப்போடு வேலை தேடி வந்தவரல்லர். அரிசி ஆலைகளிலும் துறைமுகத்திலும் ஆள்சேர்ப்பு மேஸ்திரிகளின் கையில் இருந்தது. இக்கூட்டத்தில் தெலுங்கரே மிகுதியாக இருந்தாலும் தமிழரும் அதே முறைக்குள் வந்தவர்களே. மேஸ்திரி ஊருக்குச் சென்று முன்பணம் கொடுத்து ஆள் திரட்டினார், கப்பற்கூலி கட்டினார், ரங்கூனில் தங்க இடம் காட்டினார், ஆலை நிர்வாகத்திடம் “என் ஆட்கள்” என்று பொறுப்பேற்றார், பிறகு அவர்களின் கூலியிலிருந்தே தம் பங்கை எடுத்துக்கொண்டார். நிர்வாகம் தொழிலாளியை அறிந்திருக்கவில்லை, மேஸ்திரியை மட்டுமே அறிந்திருந்தது. அதாவது பரிந்துரைப்பவரும் மேற்பார்ப்பவரும் கடன் கொடுத்தவரும் ஒரே ஆளாக இருந்தார். 1931-இல் அறிக்கை அளித்த இந்தியத் தொழிலாளர் பற்றிய அரச ஆணையம், ஆள்சேர்ப்பும் ஆள்நீக்கமும் இத்தகைய இடைநிலையாளரிடமிருந்து எடுக்கப்பட்டுத் தொழிலாளர் அலுவலர்களிடம் ஒப்படைக்கப்பட வேண்டும் என்று பரிந்துரைத்ததற்கு, ஒரே கையில் குவிந்த இந்த அதிகாரமே காரணம்.

பரிந்துரை என்பது கடனோடு கலக்கும்போது எந்த எல்லைவரை போகும் என்பதற்கு இலங்கையின் தேயிலைத் தோட்டங்கள் இன்னும் கடுமையான சான்றைத் தருகின்றன. ஆட்களைத் திரட்டி மேற்பார்க்கும் கங்காணி ஒருவர் தம் ஆட்களோடு ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குப் போக விரும்பினால், பழைய தோட்டத்துத் துரை ஒரு ‘துண்டு’ எழுதித் தருவார். இவர்களின் பெயரில் இவ்வளவு கடன் நிற்கிறது, அதைச் செலுத்தினால் ஆட்களை விடுவிக்கத் தடையில்லை என்பதே அதன் உள்ளடக்கம். புதிய தோட்டம் கடனை அடைத்து ஆட்களை எடுத்துக்கொள்ளும். கடனோ அடைபட்டதாகாமல் புதிய கணக்கில் ஏறும், இடம் மாறும்தோறும் பெருகும். தொழிலாளியின் திறமையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாத, அவருடைய விலையை மட்டும் கூறிய இந்தத் துண்டு முறை 1921-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஒருவரை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு அனுப்பும் தாள் எல்லாமே நற்சான்று ஆகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தமிழர் வரலாற்றில் இல்லை எனலாம்.

மறுகோடியில் நின்றவர்கள், ரங்கூனின் மொகல் தெருவில் வட்டித்தொழில் நடத்திய நகரத்தார் எனும் செட்டியார்கள். 1929–30-இல் ஆய்வு நடத்திய பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, பர்மா முழுவதிலும் சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்ததாகவும், அவை சுமார் 75 கோடி ரூபாயைக் கடனாகப் புழங்கவிட்டதாகவும் மதிப்பிட்டது. முதலாளி செட்டிநாட்டில் இருக்க, இத்தனை பணத்தையும் கடல்கடந்த ஊரில் கையாண்டவர் முகவராகச் சென்ற மேலாள். அவருக்குக் கீழே அடுத்தாள், அவருக்கும் கீழே தொழில் பழகும் பெட்டியடிப் பையன். மேலாளுக்கு முதலாளி முழு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். தவணை பொதுவாக மூன்றாண்டுகள். ஒருவரை மேலாளாக அனுப்பலாமா என்பதை முடிவுசெய்யக் கடிதம் எதுவும் தேவைப்படவில்லை. ஒன்பது நகரக் கோயில்களுக்குள் அடங்கிய ஒரு சமூகத்தில் அவர் எந்தக் கோயில், எந்த வீடு, யாருடைய சம்பந்தி என்பது எல்லோருக்கும் தெரியும். அதைவிட முக்கியமாக, முந்தைய தவணையில் அவர் எந்தக் கடையில் இருந்தார், கணக்கை எப்படி ஒப்படைத்தார் என்பதும் தெரியும்.

நகரத்தார் முறையைச் சாதிப்பற்று என்று மட்டும் விளக்குவோர் இந்த இரண்டாவது பகுதியைக் கவனிப்பதில்லை. குலம் நுழைவுச்சீட்டாக இருந்தது என்பது மறுக்க முடியாத உண்மை. வெளியாருக்கு அந்தக் கதவு திறக்கவே இல்லை என்பதும் உண்மை. ஆனால் உள்ளே வந்தபின் ஒருவர் பெட்டியடியிலிருந்து அடுத்தாளாகவும் அடுத்தாளிலிருந்து மேலாளாகவும் உயர்ந்தது, உடனிருந்து பார்த்தவர்களின் வாய்ச்சொல்லாலும் முடித்துக் கொடுத்த கணக்காலுமே. சொல்பவருக்கும் அதில் பணயம் இருந்தது: தவறான ஆளைப் பரிந்துரைத்தவரின் பேச்சை அடுத்தமுறை எவரும் கேட்கமாட்டார்கள். பரிந்துரைக்கு மதிப்பைத் தருவது, அது பொய்த்தால் சொன்னவர் இழக்கக்கூடிய ஏதோ ஒன்று. மேஸ்திரி முறையில் அந்தப் பணயம் தொழிலாளியின் தோளில் கடனாக ஏற்றப்பட்டது. நகரத்தார் முறையில் சொன்னவரின் பெயரிலேயே நின்றது.

வெள்ளையர் வீடுகளில் வேலைபார்த்த சமையற்காரரும் பட்லரும் ஆயாக்களும் மூன்றாவது வழியில் சென்றனர். மாற்றலாகிப் போகும் துரை எழுதிக் கொடுத்த சீட்டுகளைக் கட்டாகச் சேர்த்துவைத்து, அடுத்த துரையிடம் நீட்டினர். எழுதியவர் கப்பலேறிப் போய்விட்ட பிறகு அவரிடம் கேட்டறிய வழி ஏது? ஆகவே சீட்டுகள் இரவலுக்கும் விலைக்கும் கைமாறின. இங்கிலாந்திலேயே இச்சிக்கல் பெரிதாக இருந்ததால், பணியாளருக்குப் பொய்ச் சான்று தருவோருக்கும் பெறுவோருக்கும் 20 பவுன் தண்டம் விதிக்கும் சட்டம் ஒன்று 1792-இல் இயற்றப்பட்டு, பயன்பாடு அற்றுப்போன பின்னும் 2008 வரை சட்டப் புத்தகத்தில் நீடித்தது. கேட்டறிய முடியாத கடிதம் என்றால் வேலை கொடுப்போர் அன்றே ஐயப்பட்டனர், இன்றும் ஐயப்படுகின்றனர்.

இந்த மூன்று வழிகளும் யாங்கூனில் அறுந்துபோயின. 1942-இல் ஜப்பானியர் வந்தபோது ஏறத்தாழ ஐந்து லட்சம் இந்தியர் கால்நடையாகவும் கப்பலிலும் வெளியேறினர். எஞ்சியவர்களும் திரும்பிவந்தவர்களும் மீண்டும் தொடங்கிய தொழில்கள் 1963-இல் வங்கிகளும் 1964-இல் கடைகளும் நாட்டுடைமையானபோது கைவிட்டுப் போயின. அந்தப் பத்தாண்டில் மட்டும் சுமார் மூன்று லட்சம் பேர் இந்தியாவுக்குத் திரும்பினர். முதலாளி போனார், கணக்குப் புத்தகம் போனது, யார் எங்கே எத்தனை ஆண்டு உழைத்தார் என்று சொல்லக்கூடிய வாய்களும் போயின. தங்கியவர்களிடம் மிஞ்சியது உறவு, கோயில், தெரு ஆகியவை. எனவே வேலைக்கு ஆள் சொல்ல வேண்டுமென்றால் உறவுக்காரரையும் கோயில் பெரியவரையும் நாடும் வழக்கம் வேரூன்றியதில் வியப்பில்லை. சிறிய கடை ஒன்றில் அது இன்றும் செல்லுபடியாகிறது. கடைக்காரரும் அதே கோயிலுக்கு வருபவர் என்பதால் பெரியவரின் சொல் பணயத்தோடு வருகிறது. அதே சொல் ஓட்டல் ஒன்றின் மனிதவளப் பிரிவுக்கோ, தொண்டு நிறுவனம் ஒன்றுக்கோ, சிங்கப்பூரிலிருந்து ஆள் தேடும் நிறுவனத்துக்கோ போகும்போது, கேட்பவருக்கு அந்தப் பெரியவர் யாரென்றே தெரியாது. அவர் என்ன கண்டார் என்பதே அங்கே கேள்வி.

உலகின் பிற பகுதிகளில் இந்தச் சாட்சியம் எவ்வாறு ஒழுங்குபடுத்தப்பட்டிருக்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்ப்பது பயனுடையது. ஜெர்மனியில் வேலையை விட்டுச் செல்லும் ஒவ்வொருவருக்கும் எழுத்துச் சான்று பெறும் சட்ட உரிமை உண்டு. அது உண்மையாகவும் பரிவோடும் எழுதப்பட வேண்டும் என நீதிமன்றங்கள் வலியுறுத்தியதால், குறையைச் சொல்ல முடியாத முதலாளிகள் புகழுரையிலேயே மதிப்பெண் வைக்கத் தொடங்கினர். ‘எப்போதும் மிக முழுமையான மனநிறைவு’ என்றால் முதல்தரம். ‘எப்போதும்’ என்பதும் ‘முழுமையான’ என்பதும் விடுபட்டு வெறும் ‘மனநிறைவு’ மட்டும் நின்றால், தேறினார் என்ற அளவே. மறைபொருள் வைத்து எழுதுவதைச் சட்டம் தடைசெய்தும் இவ்வழக்கம் மறையவில்லை. பிரிட்டனில் 1994-இல் பிரபுக்கள் அவை வழங்கிய ஒரு தீர்ப்பு, கவனக்குறைவாகத் தவறான சான்று எழுதி முன்னாள் பணியாளருக்கு இழப்பு உண்டாக்கினால் முதலாளி அதற்குப் பொறுப்பு என்று நிறுவியது. அதன்பின் பல நிறுவனங்கள் வழக்குக்கு அஞ்சி, சேர்ந்த நாள், நீங்கிய நாள், பதவி ஆகிய மூன்றை மட்டும் எழுதி நிறுத்திக்கொள்கின்றன. எழுத்து இவ்வாறு வறண்டதால், பல இடங்களில் தொலைபேசியில் பேசும் ஐந்து நிமிடமே எடை கூடியதாகிவிட்டது.

அந்த எடையையும் மிகைப்படுத்த வேண்டியதில்லை. ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர் 85 ஆண்டுக்கால ஆய்வுகளைத் தொகுத்து 1998-இல் வெளியிட்ட கட்டுரையில், ஒருவர் பின்னாளில் எப்படி வேலைசெய்வார் என்பதை முன்கூட்டிச் சொல்லும் ஆற்றலை, பயனே இல்லை என்றால் 0, தவறாமல் சொல்லும் என்றால் 1 என்ற அளவுகோலில் மதிப்பிட்டபோது, முன்கூட்டி வகுத்த கேள்விகளால் நடத்தும் நேர்காணலுக்கு 0.51 கிடைத்தது, முன்னாள் முதலாளிகளை விசாரிப்பதற்குக் கிடைத்தது 0.26. பரிந்துரை தனியே ஒருவரை உயர்த்திவிடாது. நேர்காணலில் அவர் சொன்னது மெய்யே என்று உறுதிப்படுத்தும்போதுதான் அது உதவுகிறது. தேர்வின் கடைசிப் படியில் இருவர் சமநிலையில் நிற்கும்போது அதன் வலிமை தெரியும்.

இங்கே மற்றொரு குழப்பத்தையும் பிரித்தறிய வேண்டும். சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் பாஸ்டனை அடுத்த நியூட்டன் நகரில் நடத்தி 1973–74-இல் வெளியிட்ட ஆய்வு, அறிமுகமானவர் வழியாக வேலை பெற்றவர்களில் பெரும்பாலோருக்கு அச்செய்தியைக் கொண்டுவந்தவர் நெருங்கிய நண்பர் அல்லர், எப்போதாவது சந்திக்கும் ஒருவர் என்று காட்டியது. நெருங்கியவர்கள் நாம் அறிந்ததையே அறிந்திருப்பர்; தொலைவில் உள்ளவரே புதிய செய்தியை உடையவர் என்பது அதன் விளக்கம். வேலை இருக்கிறது என்ற செய்திக்கு இது பொருந்தும். ஆனால் செய்தி சொன்னவரையே பரிந்துரையாளராகவும் எழுதிவிடுவது சரியாகாது. செய்தி எட்ட இருப்பவரிடமிருந்து வரலாம். சாட்சியம் அருகிலிருந்து பார்த்தவரிடமிருந்தே வர வேண்டும்.

அருகிலிருந்து பார்த்தவர் என்றால் யார்? பயின்நவுங் மொத்தச் சந்தையில் உளுந்து, துவரை வணிகம் செய்யும் ஒரு கடையில் மூன்றாண்டு கணக்கு எழுதிய இளைஞரை எடுத்துக்கொண்டால், கடையின் உரிமையாளரைவிட அன்றாடம் அவருடைய பேரேட்டைச் சரிபார்த்த மூத்த கணக்கர் சிறந்த பரிந்துரையாளர் ஆவார். உரிமையாளர் “நல்ல பையன்” என்பார். கணக்கரோ, இந்தியாவின் இறக்குமதி விதி மாறி விலை ஆடிய வாரத்தில் பையன் இரவுவரை உட்கார்ந்து நிலுவைகளை ஒத்துப்பார்த்ததைச் சொல்லுவார். கேட்பவர் நினைவில் நிற்பது இரண்டாவதே. இருவரையும் சேர்த்து எழுதுவது மேலும் நல்லது. ஒருவர் பதவியால் எடை சேர்ப்பார், மற்றவர் விவரத்தால் எடை சேர்ப்பார். சரக்கு வாங்கிச் சென்ற வாடிக்கையாளரும் தகுதியான சாட்சியே. விற்பனை, விநியோகம் போன்ற வேலைகளுக்கு அவருடைய சொல் முதலாளியின் சொல்லைவிட நம்பப்படுவதுண்டு, ஏனெனில் அவருக்கு அந்தப் பையனைப் புகழ வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

இதுவரை சம்பள வேலையே பார்க்காதவர், தமக்குச் சாட்சியே இல்லை என்று எண்ணுவது பெரும்பாலும் தவறு. கோயில் சார்ந்த தமிழ் வகுப்பில் குழந்தைகளுக்குப் பாடம் எடுத்தவர், தீமிதித் திருவிழாவில் அன்னதானச் செலவுக் கணக்கை முடித்துக் கொடுத்தவர், இரத்ததானக் குழுவில் ஆட்களை ஒருங்கிணைத்தவர், கணினிப் பயிற்சி நிலையத்தில் கூட்டாக ஒரு பணியைச் செய்து காட்டியவர் ஆகிய அனைவருக்கும் அவ்வேலையை மேற்பார்த்த ஒருவர் இருக்கிறார். கோயில் பெரியவரைப் பரிந்துரையாளராக எழுதுவதே தவறு என்பதன்று. குடும்பத்தை அறிந்த பெரியவர் என்ற முறையில் எழுதினால் பயனில்லை, திருவிழாக் கணக்கைக் கையில் வாங்கிச் சரிபார்த்தவர் என்ற முறையில் எழுதினால் பயனுண்டு. பள்ளி ஆசிரியருக்கும் இது பொருந்தும்: சயா என்று மரியாதையோடு அழைக்கப்படும் ஆசிரியரின் பெயர் மியன்மாரில் எவரிடமும் மதிப்புப் பெறும், ஆனால் நாற்பது மாணவரில் ஒருவராகப் பின்வரிசையில் இருந்தவரை அவர் நினைவில் வைத்திருப்பாரா என்பதை விண்ணப்பதாரரே நேர்மையாக எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரத்த உறவினரைத் தவிர்ப்பதே நன்று. மாமாவின் கடையிலேயே வேலை பார்த்திருந்தால் என்ன செய்வது என்ற கேள்வி தமிழ்க் குடும்பங்களில் இயல்பாக எழும். உறவை மறைப்பது பின்னால் தெரியவந்தால் கெடுதலாகவே முடியும். மாமாவின் பெயரை முதலாளி என்ற இடத்தில் உறவுமுறையோடு குறித்துவிட்டு, பரிந்துரையாளராக அக்கடைக்குச் சரக்கு அனுப்பிய வணிகரையோ உடன் வேலைபார்த்த மூத்தவரையோ தருவது நேரான வழி.

தேர்ந்தெடுத்த பின் கேட்க வேண்டும். இதில்தான் பண்பாட்டுத் தயக்கம் குறுக்கே நிற்கிறது. மூத்தவரிடம் “எனக்காகப் பேசுங்கள்” என்று கேட்பது சலுகை கேட்பதாகத் தோன்றுவதால், கேட்காமலே பெயரை எழுதிவிட்டு, “ஐயா தப்பாக நினைக்கமாட்டார்” என்று இருந்துவிடுகின்றனர். எதிர்பாராத அழைப்பில் திகைக்கும் ஐயா தரும் தயக்கமான விடையை, கேட்பவர் குறையென்றே படித்துவிடுவார். கேட்கும் முறையும் முக்கியம்: “எனக்குப் பரிந்துரை தருவீர்களா” என்று கேட்டால் எவரும் மறுக்கமாட்டார், முகதாட்சண்யம் மறுக்க விடாது. “அண்ணே, இந்த வேலைக்குக் கணக்கும் கணினியும் முக்கியமாகக் கேட்கிறார்கள், என் வேலையைப் பார்த்தவர் என்ற முறையில் அதைப்பற்றி நீங்கள் உறுதியாகச் சொல்ல முடியுமா, இல்லை வேறு யாரைக் கேட்கலாம் என்று நினைக்கிறீர்கள்” என்று கேட்டால், மனமில்லாதவர் இரண்டாவது பாதியைப் பிடித்துக்கொண்டு கௌரவமாக விலக வழி கிடைக்கும். அவ்வாறு விலகுபவர் உண்மையில் உதவியே செய்கிறார்.

இசைந்தவரிடம் வேலை விளம்பரத்தின் படியையும் அனுப்பப்போகும் தன்விவரக் குறிப்பையும் வைபரிலாவது அனுப்பிவைத்து, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, என்ன பொறுப்பு என்பதை நினைவூட்ட வேண்டும். நாள்கள் முன்பின் மாறினால் பொய் என்ற ஐயம் எழும். எந்த மொழியில் அழைப்பு வரும் என்பதும் இங்கே சிறிய செய்தியன்று. வெளிநாட்டு நிறுவனம் ஆங்கிலத்தில் அழைத்தால் பர்மியமும் தமிழும் மட்டும் தெரிந்த கணக்கர் திணறுவார். அவருக்கு எழுத்துக் கடிதமே ஏற்றது, அதைப் பர்மியத்தில் எழுதிக் கையொப்பமிடச் செய்து மொழிபெயர்ப்பை இணைக்கலாம். மின்வெட்டும் இணையத் தடங்கலும் வழக்கமான நகரத்தில் ஒரே தொலைபேசி எண்ணை மட்டும் தருவதும் ஆபத்து. இரண்டு பெயர் கேட்டாலும் மூன்றாவது ஒருவரைத் தயாராக வைத்திருப்பது, அண்மை ஆண்டுகளில் அறிமுகமானவர்களில் பாதிப்பேர் பாங்காக்குக்கோ சிங்கப்பூருக்கோ சென்றுவிட்ட யாங்கூன்வாசிக்கு அவசியமே. சென்றவரும் பரிந்துரையாளராக இருக்கலாம், எண் மாறியதைக் கேட்டு வைத்துக்கொண்டால் போதும்.

பழைய முதலாளியோடு மனக்கசப்பில் பிரிந்தவரின் நிலை கடினமானது. அவரை விட்டுவிட்டு அதே இடத்தின் வேறு மூத்தவரைத் தருவதில் தவறில்லை. ஆனால் “ஏன் அவரைத் தரவில்லை” என்று நேர்காணலில் கேட்டால், குற்றஞ்சாட்டாமல் இரண்டு வாக்கியத்தில் விடைசொல்ல ஆயத்தமாக இருக்க வேண்டும். கடையே மூடப்பட்டிருந்தால் தாள்கள் துணைசெய்யும். 2013-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு மற்றும் திறன் மேம்பாட்டுச் சட்டம், வேலையில் சேர்ந்தவரோடு 30 நாள்களுக்குள் எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும் என்கிறது. அந்த ஒப்பந்தத்தின் படி, சம்பளச் சீட்டு ஆகியவற்றைப் பாதுகாத்து வைத்திருந்தால், முன்னாள் சகபணியாளர் ஒருவரின் சொல்லோடு சேர்ந்து அவை முழுச் சான்றாகும். நண்பரை முதலாளியாகப் பேசவைக்கும் தந்திரம் இதற்கு மாற்றாகாது. யாங்கூனின் வணிக வட்டங்கள் சிறியவை, கேட்பவர் அந்தக் கடைக்கு அடுத்த கடையில் ஒரு வார்த்தை விசாரித்தால் நாடகம் கலைந்துவிடும்.

இத்தனை அலைச்சலையும் பாதியாகக் குறைக்கும் ஆற்றல் வேலை கொடுப்பவர் கையில் இருக்கிறது. வேலை நீங்குவோர் கேட்டால், பணிக்காலத்தையும் பணியின் தன்மையையும் மட்டும் குறிப்பிடும் சான்று தரப்பட வேண்டும், நடத்தையும் திறமையும் பற்றிய மதிப்பீடு பணியாளர் விரும்பினால் மட்டுமே சேர்க்கப்பட வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1982-ஆம் ஆண்டுப் பரிந்துரை எண் 166 கூறுகிறது. இந்தியாவின் மாதிரி நிலையாணைகளும் நிரந்தரத் தொழிலாளிக்குப் பணிச்சான்று பெறும் உரிமையை வழங்கியுள்ளன. சட்டம் வற்புறுத்தாவிட்டாலும், தின்கன்ஜூனிலோ தெய்ஞ்சி சந்தையிலோ கடை நடத்துபவர் ஒருவர், விலகும் பையனுக்குக் கடைப் பெயர் அச்சிட்ட தாளில், அட்டையில் உள்ளபடி பெயர், சேர்ந்த நாள், விலகிய நாள், பார்த்த வேலை, பேச வேண்டியிருந்தால் அழைக்க வேண்டிய எண் ஆகியவற்றை எழுதிக் கையொப்பமிட்டு, முத்திரை இருந்தால் அதையும் பதித்துத் தருவதற்குக் கால்மணி நேரம் போதும். விலகுபவர் அதைக் கேட்டு வாங்க வேண்டிய நாளும், வேறு ஊருக்குப் போன பின் கடிதம் எழுதிக் கேட்கும் நாள் அல்ல, கடைசிச் சம்பளம் வாங்கும் நாளே.